வேன் ஆண்ட்டியின் குறட்டை

ராசம்மா குறட்டை விடுவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவள் இதை ஒன்பது வருஷம் மூடி மறைத்தாள். ஆம்பளை குறட்டை விட்டால் "பாவம், உழைச்ச களைப்பு" என்பார்கள். அதையே பொம்பளை விட்டால் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இந்த நியாயத்தை எழுதி வைத்தவன் எவனோ, என் கையில் அகப்பட்டால் தெரியும் சேதி.

மலேசியாவில், ஜோகூர் ஸ்கூடாயில் ஒரு தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு அவளுடையது. வயது ஐம்பத்து மூன்று. பதினாறு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவள் 'வேன் ஆண்ட்டி'. புருஷன் லெட்சுமணன் கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. ராத்திரி முழுக்கக் காவல், பகல் முழுக்க உறக்கம். ஒரே மகள் லோஷினி சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்துவிட்டு, இந்த வருஷம்தான் வீட்டோடு வந்து சேர்ந்தாள். ஆக, இத்தனை காலமும் ராசம்மா தனியாகத்தான் தூங்கினாள். அவள் குறட்டையைக் கேட்க வீட்டில் ஒரு பல்லிகூடக் கிடையாது என்று அவளுக்கு நிம்மதி.

அந்த வெட்கம் எங்கே பிடித்தது என்றும் சொல்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோயில் மகளிர் குழு தீபாவளிக்குப் புடவை எடுக்க பஸ் பிடித்து தங்காக் போனது. கடை கடையாக ஏறி இறங்கிய அலுப்பில், திரும்பும் வழியில் ராசம்மா கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது பஸ்ஸே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தி, மலையேறும் லாரி மாதிரி சத்தம் போட்டுக் காட்டினாள். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். ராசம்மாவின் மானம் அன்றைக்குக் கப்பலேறியது.

அதிலிருந்து கல்யாண வீடானாலும் சரி, திருவிழாவானாலும் சரி, நாலு பேர் நடுவில் அவள் படுப்பதே இல்லை. தப்பித் தவறித் தங்க நேர்ந்தால் ஒரு வித்தை வைத்திருந்தாள். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, மடித்த துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து, சும்மா கண்ணை மூடிக்கொள்வாள். அரைத் தூக்கம்தான், ஆனால் சத்தம் வராது. அந்த வித்தையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீட்டில் கட்டிலில் படுத்தாலும் தூங்கிய மாதிரி இருக்காது என்பதுதான் வேடிக்கை. நாலரைக்கு எழும்போதே மண்டை கனக்கும். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போவாள். இனிப்பு நீராக, அதான் சர்க்கரை வியாதியாக, இருக்குமோ என்று பரிசோதித்துப் பார்த்தாள், இல்லை என்றுவிட்டார்கள். ரத்தக் கொதிப்புக்கு இரண்டு மாத்திரை போட்டும் அது இறங்குவேனா என்றது. முதல் பிள்ளையை ஐந்து ஐம்பதுக்கு ஏற்றுவாள். ஆறரைக்குள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது இமை தானாக விழும். அதற்கும் வைத்தியம் வைத்திருந்தாள். பால் விடாமல், கெட்டியாக ஒரு கோப்பி ஓ குடிப்பாள். அதுவும் கேட்காவிட்டால் கடைவாயில் ஒரு ஊசி மிளகாய் வைத்துக் கடிப்பாள்.

யாரிடமாவது "தூக்கமா வருது லா" என்று சொன்னால், "யாருக்குத்தான் வரலக்கா?" என்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஜோகூரில் பாதித் தாமான் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்கு ஓடுகிறது. தெருவே கொட்டாவி விடுகிற ஊரில் ஒருத்தியின் கொட்டாவி மட்டும் நோய் என்று எவன் கண்டான்?

கண்டது லோஷினி. வீடு திரும்பிய இரண்டாம் வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குறட்டை கேட்டது. அது நின்றதும் அப்பாடா என்று திரும்பிப் படுத்தவள், அந்த நிசப்தம் நீண்டுகொண்டே போனதில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருந்த ஆளைத் தூக்கிவிட்ட மாதிரி அம்மா ஒரு மூச்சை இழுத்தாள். மறுபடி குறட்டை, மறுபடி நிசப்தம். பெண் விடியும் வரை தூங்கவில்லை. காலையில் அதைச் சொன்னதற்கு, பெற்றவள் தூங்குவதை ஒட்டுக் கேட்கிறாயா என்று ராசம்மா ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். லோஷினி வேறு வழி பிடித்தாள். ரத்தக் கொதிப்பைக் காட்டிவிட்டு வரலாம் என்று நயமாகச் சொல்லி, ஒரு தனியார் கிளினிக்கில் தூக்கக் கோளாறு பார்க்கும் டாக்டர் நஸீமாவிடம் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

டாக்டர் நஸீமா நம் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், கையை ஆட்டி ஆட்டி அழகாகப் பேசுவார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது என்றார். மூச்சு நின்றதும் மூளை பதறிப்போய் ஆளை உலுக்கி எழுப்பும். மூச்சு வந்ததும் மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. எழுந்ததே ஆளுக்கு ஞாபகம் இருக்காது. இதற்குப் பெயர் தூக்கத்தில் மூச்சுத் தடை. தடிமனானவர்களுக்குத்தான் வரும் என்றில்லை, கழுத்தும் தாடையும் அமைந்த விதத்தாலும் வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அதிகமாகவே வரும். காலைத் தலைவலியும், ராத்திரி பாத்ரூம் ஓட்டமும், மாத்திரைக்கு அடங்காத கொதிப்பும் இதே குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்கலாம் என்றார்.

"அக்கா, நீங்க ராத்திரி ஏழு மணி நேரம் படுத்துத்தான் இருக்கீங்க. தூங்கல."

இந்த ஒரு வார்த்தை ராசம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதற்குள் டாக்டர் ஒரு சின்ன மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். மாரில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். ஒரு ராத்திரி வீட்டில் மாட்டிக்கொண்டு தூங்கினால் எல்லாம் பதிவாகிவிடும் என்றார்.

பதிவாகிவிடும் என்ற சொல்தான் கெடுத்தது. நாலைந்து டாக்டர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து தன் குறட்டையைப் போட்டுக் கேட்பார்கள் என்று ராசம்மா தீர்மானித்துவிட்டாள். தங்காக் பஸ்ஸே மேல் என்று தோன்றியது. அன்றைக்கு ராத்திரி கதவைத் தாழிட்டுக்கொண்டு, பட்டையும் குழாயும் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, துண்டைத் தாடைக்குக் கொடுத்து விடிய விடிய ஒப்பேற்றினாள். நோயைக் காட்டப் போன இடத்தில் நோயை ஒளித்து வைத்துவிட்டு வந்த புத்திசாலியை நீங்கள் வேறெங்காவது பார்த்ததுண்டா?

முடிவு வந்தது. மெஷினுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கி, நீங்கள் சொல்லும் தொல்லைக்கும் இந்தக் கணக்குக்கும் ஒத்துவரவில்லை, இன்னொரு முறை செய்து பார்ப்போம் என்றார். ராசம்மா தலையைத் தலையை ஆட்டினாள், திரும்பிப் போகவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், வரும் வழியில் பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்கிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள்.

லோஷினி கேட்கும்போதெல்லாம், மெஷினே ஒன்றுமில்லை என்றுவிட்டதே என்று சமாளித்து, இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒரு வியாழக்கிழமை காலை. வேனில் தினமும் பதினொரு பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் மூன்றாம் வகுப்பு பிரவீனாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், வரவில்லை. முன் ஸீட் காலியாக இருந்தது. பின்னால் ஒரே சலசலப்பு. வழக்கமாக அந்த ஸீட்டுக்கு நடக்கும் சண்டைதான் என்று ராசம்மா நினைத்தாள். ஆண்ட்டி பக்கத்தில் உட்காரப் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை என்று அவளுக்கு எப்போதும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஆனால் அன்றைக்கு யாரோ, "பிரவீனா இல்லன்னா இன்னிக்கு யாரு டியூட்டி?" என்று கேட்டது காதில் விழுந்தது.

என்ன டியூட்டி என்று கேட்டாள். ஆளுக்கு ஆள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று உடைத்தது. முன் ஸீட்டில் உட்காருகிற ஆள் ஆண்ட்டியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண் மூடினால் உடனே பேச்சுக் கொடுக்க வேண்டும். சிவப்பு விளக்கில் பச்சை விழுந்ததும் சொல்ல வேண்டும். பிரவீனா நோட்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறாள், ஆளுக்கு ஒரு நாள். அன்றைக்குப் பள்ளியில் சோதனை இருக்கிறவர்கள் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அதே பொடிசுதான் பதில் சொன்னது.

"சொன்னா அம்மா வேற வேன்ல போட்டுருவாங்க ஆண்ட்டி. எங்களுக்கு நீங்கதான் வேணும்."

 ஏழு வயசும் ஒன்பது வயசுமாக இருக்கிற பிஞ்சுகள், பாடம் எழுதுகிற நோட்டில் ராசம்மாவுக்குக் காவல் போட்டிருக்கின்றன. நான் ஓட்டுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அந்தக் குழந்தைகள் அவளை ஓட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. அன்றைக்கு வேகம் முப்பதைத் தாண்டாமல், பின்னால் ஹாரன் அடித்தவர்களைச் சட்டை செய்யாமல், பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கினாள். எல்லாரும் உள்ளே போன பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அதே பள்ளிக்கு வேன் ஓட்டும் சபாபதி ஓடி வந்து என்ன என்று கேட்டார். அவள் சாவியைப் பிடுங்கி அவர் கையில் வைத்தாள்.

"நான் வண்டியில தூங்கறேண்ணே. இனிமே ஓட்ட மாட்டேன்."

வண்டியில் கண் அயர்வதை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன சூட்டோடு பெற்றோர் வாட்ஸப் குழுவிலும் பேசி அனுப்பினாள். தனக்குத் தூக்கத்தில் நோய் இருப்பதாகச் சந்தேகம், தான் ஓட்டினால் ஆபத்து, குணமாகும் வரை சபாபதி அண்ணன் வருவார், எல்லாரும் மன்னித்துவிடுங்கள் என்றாள். ஒன்பது வருஷம் மூடி வைத்த குறட்டையையும் விடாமல் சொன்னாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

யாரும் சிரிக்கவில்லை. சாயந்திரம் பிரவீனாவின் அப்பா வசந்தன் சிங்கப்பூர் வேலை பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து வாசலில் நின்றார். அக்கா என்று நம்பித்தானே அனுப்பினேன், என் பிள்ளை உயிர் உங்களுக்கு விளையாட்டா என்று தெருவே கேட்கக் கத்தினார். ராசம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.  அவர் கேட்டது ஒவ்வொன்றும் நியாயம். பிரவீனாவை வேறு வேனில் சேர்த்துவிட்டார். இன்னும் நாலு பிள்ளைகளும் போனார்கள்.

மறுநாள் டாக்டர் நஸீமாவிடம் போய், நாற்காலியில் உட்கார்ந்த கதையை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். டாக்டர் முதலில் சிரித்துவிட்டார், பிறகு நன்றாகத் திட்டினார். அவள் பயந்த மாதிரி யாரும் கூடி உட்கார்ந்து குறட்டை கேட்பதில்லை, மூச்சு எங்கே நிற்கிறது என்று கோட்டைத்தான் பார்ப்போம் என்றார். அடச்சீ, இதைக் கேட்காமல் இத்தனை நாள் செத்தேனே என்று ராசம்மாவுக்கு ஆகிவிட்டது.

இரண்டாம் முறை யோக்கியமாகக் கட்டிலில் படுத்துத் தூங்கினாள். முடிவைப் பார்த்து லோஷினிதான் வெளிறிப்போனாள். மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு அடைபட்டிருந்தது. முப்பதைத் தாண்டினாலே கடுமை என்று கணக்கு. ரத்தத்தில் பிராண வாயுவும் விழுந்து விழுந்து எழுந்திருந்தது. இப்படியே விட்டால் இதயத்துக்கும் மூளைக்கும் கேடு என்றார் டாக்டர்.

ராசம்மா குறுக்கு வழி கேட்டாள். நன்றாகத் தூங்க ஒரு மாத்திரை தரக்கூடாதா? அது தொண்டையை இன்னும் தளர்த்தினாலும் தளர்த்தும், நீங்களாக வாங்கித் தொட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். ஆபரேஷன்? சிலருக்குச் சரிப்படும், தொண்டையைப் பார்த்தவரை உங்களுக்கு அது முதல் வழி இல்லை. தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கவசம் ஒன்று உண்டு, அது லேசான தடைக்குத்தான் நன்றாகக் கேட்கும். எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் கை கொடுக்கும், ஆனால் முப்பத்தெட்டை அது மட்டும் இறக்காது. உங்களுக்கு வேண்டியது காற்று மெஷின். மூக்கில் ஒரு முகமூடி, அதன் வழியாக இதமான அழுத்தத்தில் காற்று வந்துகொண்டே இருக்கும், தொண்டை மூடாமல் அது தாங்கிப் பிடிக்கும் என்று விளக்கினார். மெஷினை முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்தார்கள்.

முதல் வாரம் பட்ட பாடு சொல்லி மாளாது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி அவளுக்குப் பொருந்தவில்லை. ஓரத்தில் காற்றுக் கசிந்து கண்ணில் அடித்தது. மூச்சு முட்டுகிற மாதிரி பயந்து, ஒரு மணிக்குப் பிடுங்கி எறிந்தாள். லோஷினி டாக்டருக்குப் போன் போட்டாள். மூக்கை மட்டும் மூடும் சின்னதாக ஒன்றை மாற்றிக் கொடுத்து, காற்று மெதுவாக ஆரம்பித்து ஏறும்படி வைத்தார்கள். பகலில் நாடகம் பார்க்கும்போது அதை மாட்டிப் பழகச் சொன்னார்கள். ஜாகா வேலை முடிந்து வந்த லெட்சுமணன், சோபாவில் தும்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்த்து, "என்னம்மா, பிள்ளையாருக்கு வேண்டுதலா?" என்றார். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து, முகமூடியெல்லாம் காற்று. சிரித்த பிறகு பயம் பாதி போய்விட்டது.

ஒன்பதாம் நாள் காலை. அலாரம் அடிக்கும் முன்பே கண் விழித்துவிட்டது. என்னவோ குறைகிறதே என்று யோசித்தாள். தலைவலியைக் காணோம். ராத்திரி ஒரு தடவைகூட எழவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஜன்னலைத் திறந்தாள். எதிர் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார், கண்ணுக்கு எல்லாம் துடைத்து வைத்த மாதிரி தெரிந்தது. மற்ற சனங்கள் தினமும் இப்படியா எழுகிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எத்தனை வருஷம் பாழ். ஆனாலும் நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு மூச்சு அழுதாள்.

மாதம் முடிந்ததும் டாக்டர் மெஷினின் பதிவைப் பார்த்தார். தினமும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் மாட்டியிருந்தாள். மூச்சுத் தடை மணிக்கு மூன்றாக இறங்கியிருந்தது. கொதிப்பு மாத்திரை இரண்டில் ஒன்றை நிறுத்தினார். பகலில் தூக்கம் வருகிறதா என்று கிளைக் கேள்வியெல்லாம் போட்டுக் குடைந்துவிட்டு, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

"ஆனா அக்கா, ஒரு ராத்திரி மெஷின் இல்லாம தூங்கினாலும் மறுநாள் சாவியைத் தொடக்கூடாது."

தொட மாட்டேன் என்று ராசம்மா சத்தியம் செய்தாள். மெஷினைச் சொந்தமாகவே வாங்கினார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை வாட்ஸப்பில் போட்டாள், வேண்டியவர்கள் வரலாம், வராதவர்கள் மேல் வருத்தமில்லை என்றாள். ஆறு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அவளுக்கு அது போதும். பிரவீனாவை மட்டும் நினைத்துக்கொள்வாள். அந்த நோட்டைப் போட்டவளிடம் ஒரு நன்றிகூடச் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசந்தன் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கையில் கட்டு. மழையைப் பற்றிப் பேசினார், ஜாமைப் பற்றிப் பேசினார். கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, அந்த டாக்டர் நம்பர் வேணும்."

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, சிங்கப்பூர் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓரத் தடுப்பில் உரசிய சத்தத்தில்தான் அவர் கண் விழித்தாராம். தூங்கும்போது மூச்சு நிற்கிறது என்று மனைவி மூன்று வருஷமாகச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். அன்றைக்கு உங்களைக் கத்திவிட்டுப் போனேனே, பாதி என்னைத்தானக்கா கத்தினேன் என்றார். சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார்.

ராசம்மா கையை நீட்டினாள்.

"மொதல்ல பைக் சாவியைக் குடுங்க தம்பி. டாக்டர் பார்க்கற வரைக்கும் பஸ்ல போங்க."

 பஸ் என்றால் மேலும் நேரமாகுமே என்றார். ஆகட்டும் என்றாள். சாவி அவள் கைக்கு வந்தது, நம்பர் அவர் போனுக்குப் போனது. பிரவீனாவும் நாளையிலிருந்து இந்த வேனில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஐந்து ஐம்பதுக்கு வேன் வசந்தன் வீட்டு வாசலில் நின்றது. பிரவீனா ஏறினாள், பின்னாலேயே அப்பாவும் ஏறினார். மெயின் ரோட்டு பஸ் நிறுத்தம் வரை வருவதாகப் பேச்சு. இரண்டு தெரு தாண்டவில்லை, கடைசி ஸீட்டிலிருந்து குறட்டை கிளம்பியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

ராசம்மா வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள். "யாரும் சிரிக்கக் கூடாது" என்றாள். "அங்கிளுக்கு உடம்பு சரியில்ல. நாளைக்கு டாக்டர்கிட்ட போறாரு."